கொரோனா வைரஸ் எந்த விலங்கிலிருந்து வந்தது? தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

கொரோனா வைரஸ்கள் விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் வழியைப் படிக்கத் தொடங்கும் மாணவர்கள் கையுறை போட மறப்பதில்லை, மாதிரிக் குழாயில் தேதி எழுத மறப்பதில்லை. முடிவை எழுத உட்காரும்போதுதான் பழைய தவறுகள் அப்படியே திரும்பி வருகின்றன.

சதவீதத்தை மட்டும் பார்ப்பது

பெரிய சேதம் இதனால்தான். 2020 பிப்ரவரி 7 அன்று சீனாவின் குவாங்சோவில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், எறும்புத்தின்னியில் கண்ட வைரஸ் கோவிட் வைரஸுடன் 99% ஒத்துப்போவதாக அறிவித்தார்கள். உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது. அந்த எண் முழு ஜீனோமுக்கு, அதாவது வைரஸின் மொத்த மரபுத் தொகுப்புக்கு, உரியதல்ல, வைரஸின் மேல்புறத்து முள்ளான ஸ்பைக் புரதத்தில் நம் செல்லைப் பற்றிக்கொள்ளும் சிறு பகுதிக்கு மட்டுமே உரியது என்பது பிறகுதான் வெளிவந்தது. முழு ஜீனோமின் ஒற்றுமை சுமார் 90%. இன்றும் அந்த 99 கட்டுரைகளில் எட்டிப் பார்ப்பதைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது.

சதவீதத்தை எழுத்துகளாக மாற்றிப் பாருங்கள். இந்த வைரஸின் ஜீனோம் ஏறத்தாழ 30,000 எழுத்து (நியூக்ளியோடைடு) நீளம். 90% என்றால் 3,000 எழுத்துகள் வேறு. யுன்னானில் குதிரைலாட வௌவாலில் கிடைத்த ஆர்ஏடிஜி13 வைரஸ் 96% ஒத்தது. அதிலும் 1,200 எழுத்துகள் வேறு. அத்தனை மாற்றம் சேரப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஆகவே அது உறவுக்கார வைரஸ், மூதாதை அல்ல. 2003-இல் ஷென்ஜென் சந்தை மரநாய்களில் கிடைத்த சார்ஸ் (கொரோனா வைரஸால் வரும் கடும் மூச்சு நோய்) வைரஸ் மனித வைரஸுடன் 99.8% ஒத்திருந்தது, அதாவது சுமார் 60 எழுத்து வித்தியாசம். அண்மையில் தாவியது என்று சொல்ல அந்த அளவு நெருக்கம் வேண்டும்.

துண்டின் நீளம் இன்னொரு கண்ணி. சவுதியின் பிஷாவில் மெர்ஸ் (இன்னொரு கொரோனா வைரஸால் வரும் மூச்சு நோய்) நோயாளி ஒருவரின் வீட்டருகே பிடித்த வௌவாலில் அவருடைய வைரஸுடன் 100% பொருந்தும் துண்டு கிடைத்ததாக 2013-இல் செய்தி வந்தது. துண்டின் நீளம் 200 எழுத்துக்கும் குறைவு. அதுவும் ஆர்என்ஏவை நகலெடுக்கும் நொதிக்குரிய பகுதி. உறவுக்கார வைரஸ்களுக்குள் அது அதிகம் மாறுவதில்லை. முழு ஜீனோம் கிடைக்கவேயில்லை. அதே ஆண்டு ஓமனில் சோதித்த 50 ஒட்டகங்களிலும் மெர்ஸ் எதிர்ப்பொருள் (தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) இருந்தது; மனிதருக்குத் தாவும் வழி அங்கேதான் தெரிந்தது.

அதனால் எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை எழுத்துகளை ஒப்பிட்டார்கள், ஜீனோமின் எந்தப் பகுதி, எண்ணியது ஜீனோமின் நியூக்ளியோடைடா, புரதத்தின் அலகான அமினோ அமிலமா. பிறகு பகுதிவாரியாக வம்ச மரம் வரையுங்கள். ஒரே விலங்கில் இரண்டு கொரோனா வைரஸ்கள் சேர்ந்தால் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். ஸ்பைக்குக்கு ஒரு பரம்பரை, மற்றப் பகுதிக்கு வேறொன்று. யுன்னான் குகை ஒன்றின் வௌவால்களில் சார்ஸ் வைரஸின் எல்லாப் பகுதிகளும் தனித்தனி வைரஸ்களில் சிதறிக் கிடந்ததை 2017-இல் கண்டார்கள். முழுவதும் பொருந்திய ஒற்றை வைரஸ் அங்கே இல்லை.

தொற்றிய விலங்கையே தாயகம் என்பது

2004 ஜனவரியில் சீனாவின் குவாங்டாங்கில் சார்ஸைத் தடுக்கச் சுமார் 10,000 மரநாய்களைக் கொல்ல உத்தரவிட்டார்கள். குவாங்சோ சந்தையில் இருந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு சார்ஸ் எதிர்ப்பொருள் இருந்தது; பண்ணைகளிலோ அநேகமாக இல்லை. சந்தைக்குப் போகும் வழியிலோ அங்கேயோதான் அவற்றுக்குத் தொற்றியிருக்கிறது. வைரஸை நெடுங்காலமாகச் சுமந்தவை குதிரைலாட வௌவால்கள் என்பது 2005-இல் வெளியானது. மரநாய் இடையில் நின்ற விலங்கு.

திசையைக் கவனிக்காதது

ரோமத்துக்காக மிங்க் என்ற சிறு விலங்கை வளர்த்த டென்மார்க் பண்ணைகளுக்கு 2020-இல் கோவிட் வைரஸைக் கொடுத்தது மனிதர்கள். மிங்க்குகளிடமிருந்து அது மாற்றங்களோடு மனிதருக்குத் திரும்பியது.

வெறும் "வௌவால்" என்று எழுதுவது

1,400 இனங்களுக்கு மேல் உண்டு. இனப்பெயர் எழுதுங்கள்.

எதிர்ப்பொருளையும் வைரஸையும் குழப்புவது

எதிர்ப்பொருள் சொல்வது என்றோ தொற்றியது என்பதை மட்டுமே. வளர்ந்த ஒட்டகங்களில் பெரும்பாலானவற்றுக்கு மெர்ஸ் எதிர்ப்பொருள் இருக்கும். சோமாலியாவில் 1983-இல் எடுத்துவைத்த ஒட்டக இரத்தச் சீரத்திலேயே இருந்தது. வைரஸே வேண்டுமென்றால் குட்டிகளின் மூக்கிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுங்கள். அதிகம் வெளியேற்றுவது அவைதான். வௌவாலில் இந்த வைரஸ்கள் பெரும்பாலும் குடலில் இருப்பதால் அங்கே மலமும் மலவாய் மாதிரியும் எடுக்க வேண்டும்.