ஷிப்ட் மாறும்போது பொறுப்பு ஒப்படைப்பதை மாற்றுவது எப்படி? பராமரிப்பு இல்லப் பொறுப்பாளர்களுக்கு

பராமரிப்பு இல்லத்தில் புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் முதலில் கைவைப்பது ரிஜிஸ்டர்களில்தான். நானும் அப்படித்தான். திங்கள்கிழமை முதல் பொறுப்பு ஒப்படைக்கப் புது ஃபார்ம் என்று சர்க்குலர் ஒட்டினேன். மூன்றாவது வாரம் பார்த்தால் பகலில் ஃபார்ம், இரவில் பழைய நோட்டு. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் தடவை செய்ததுதான் கீழே இருப்பது.

படி 1: ஒரே ஒரு தொல்லையைப் பிடியுங்கள்

"தரத்தை உயர்த்துவோம்" என்றால் யாரும் அசையமாட்டார்கள். ஷிப்ட் மாறும்போது இரண்டு ஷிப்ட் ஆட்களும் பொறுப்பு ஒப்படைக்க அலுவலக அறையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிடுவார்கள். வராந்தாவில் ஈ காக்கை இருக்காது. அந்த நேரம் பார்த்து யாராவது கழிவறைக்குக் கிளம்பி விழுவார். எங்கள் தொல்லை இது. அறைக்குள் நடப்பதைக் கட்டிலருகே கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

படி 2: எண்ணுங்கள்

மாதத்துக்கு எத்தனை பேர் விழுந்தார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். தங்கியிருப்பவர்கள் கூடுவார்கள், குறைவார்கள். 40 பேர், 30 நாள் என்றால் 1,200 ஆள்நாட்கள். 6 முறை விழுந்திருந்தால், 6-ஐ 1,200-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்குங்கள்: 1,000 ஆள்நாட்களுக்கு 5 முறை. எக்செல் எனக்குப் பிடிக்காது. அதைத் திறப்பவர் ஒருவர்தான். சுவரில் கட்டம் போட்ட தாளும் பென்சிலும் இருந்தால் எல்லார் கண்ணிலும் படும்.

தொடக்கத்தில் எண் ஏறலாம், பதறாதீர்கள். முன்பு "வழுக்கி உட்கார்ந்தார், அடியில்லை" என்று விட்டதெல்லாம் இப்போது பதிவாகிறது. அதற்காக யாரையாவது திட்டினால் அடுத்த மாதம் எண் இறங்கிவிடும், விழுவது இறங்காது.

படி 3: இரவு ஷிப்டில் போய் உட்காருங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். ஃபார்மைத் தயாரித்த கூட்டம் பிற்பகலில் நடந்தது. இரவு வேலை பார்த்தவர்கள் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஓர் இரவு முழுக்க அவர்களோடு இருந்தேன். விடியற்காலையில் ஒரு மூத்த பராமரிப்பாளர் தயங்கித் தயங்கிப் பழைய நோட்டை நீட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சின்னச் சின்னக் கோடுகள். "என்னக்கா இது?" என்றேன். "யார் எத்தனை தடவை எந்திரிச்சாங்கன்னு போட்டிருக்கேன் மேடம். உங்க ஃபார்ம்ல அதுக்கு இடமே இல்லையே" என்றார்.

சாப்பாடு, மாத்திரை, குளியல் எல்லாவற்றுக்கும் கட்டம் வைத்திருந்த நான், இரவில் எழுவதற்கு வைக்கவில்லை. விழுவதைக் குறைக்க வேண்டுமானால் முதலில் தெரியவேண்டியதே அதுதான். மறுநாளே அந்தக் கோடுகளுக்கு ஃபார்மில் ஒரு கட்டம் சேர்த்தோம். அதன்பின் நோட்டை ஒளித்துவைக்க அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை.

படி 4: ஒருவர், ஒரு ஷிப்ட்

விருப்பமுள்ள ஒரே ஒருவரோடு, ஒரே ஒரு ஷிப்டில் செய்து பாருங்கள். அன்றே திருத்தி மறுநாள் மூன்று பேரோடு, பிறகு ஒரு தளம் முழுக்க. திட்டமிடு, செய், ஆராய், திருத்து என்று தரக்கட்டுப்பாட்டு நிபுணர்கள் ஷூவார்ட், டெமிங் வழியில் வந்த சுழற்சி இதுதான். பெயரைச் சொல்லி ஊழியர்களைப் பயமுறுத்த வேண்டாம்.

கட்டிலருகே என்ன பேசுவது? நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு வரி போதும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளிலிருந்து மருத்துவத்துக்கு வந்த முறை. கடைசி வரியைத்தான் எல்லாரும் விழுங்குவார்கள். "அடுத்த ஷிப்ட் என்ன செய்யணும்?" என்று நீங்களே கேட்டு வாங்குங்கள்.

படி 5: பழையதை எடுத்துவிடுங்கள்

இரண்டும் ஓடினால் பழையதுதான் ஜெயிக்கும். தேதி சொல்லி நோட்டை அலமாரியில் பூட்டுங்கள். சுவரில் உள்ள தாளில் மாதத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். இடைநிலைக் கோட்டுக்கு (மாத எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணில் போடும் கோடு) கீழே தொடர்ந்து 6 புள்ளிகள் விழும்வரை "ஜெயித்துவிட்டோம்" என்று சொல்லாதீர்கள். ஒரு நல்ல மாதம் வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாம்.

பின்சேர்க்கை: ஒரே அறையில் இருவர் இருந்தால் ஒருவர் விவரம் மற்றவர் காதில் விழுமே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, நான் யோசிக்கவே இல்லை. இப்போது விவரங்களைக் கதவுக்கு வெளியே தணிந்த குரலில் சொல்லிவிட்டு உள்ளே போகிறோம். உள்ளே போனதும் வணக்கம் சொல்லி, அழைப்பு மணி கைக்கெட்டுகிறதா, செருப்பு கட்டிலருகே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம்.