குத்தாதீர்கள், மண்ணை வெளியே எடுங்கள்: இறுகிய புல்தரைக்குக் காற்றோட்டம்

தண்ணீர் விடுகிறோம், உரம் போடுகிறோம், அப்படியும் புல் வெளிறிப்போய்க் கிடக்கிறது என்றால், இன்னொரு மூட்டை உரம் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப்போய், மண் லேசாக ஈரமாக இருக்கும் நேரத்தில் தரையில் நாலைந்து இடங்களில் அழுத்திப் பாருங்கள். கை பலத்திலேயே முக்கால் சாண் இறங்கினால் மண்ணில் குறையில்லை, வேறு காரணம் தேடலாம். இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்காமல் முரண்டு பிடித்தால் மண் இறுகிவிட்டது. தினம் நடக்கிற தடம், பிள்ளைகள் பந்தாடுகிற மூலை, வீடு கட்டும்போது லாரி ஏறி இறங்கிய பக்கம், இங்கெல்லாம்தான் பெரும்பாலும் மாட்டும்.

நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதிதான் மண். மீதிப் பாதி இடுக்குகள், அவற்றில் காற்றும் தண்ணீரும் இருக்கும். மிதிபட மிதிபட இந்த இடுக்குகளில் பெரியவைதான் முதலில் நசுங்குகின்றன. காற்று உள்ளே போவதும் அதிகப்படி நீர் கீழே வடிவதும் அவை வழியாகத்தான், அதனால் வேருக்கு ஆக்ஸிஜன் கிடைக்காமல் மேலாகவே சுருண்டுவிடும். ஒரு நாள் நல்ல வெயில் அடித்தாலே புல் வாடுவது இதனால்தான்.

சரி, ஓட்டை போட்டால் தீர்ந்தது என்று ஆணி வைத்த செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. நானும் ஒரு சாயங்காலம் முழுக்கக் கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி நடந்திருக்கிறேன், கெண்டைக்கால் வலித்ததுதான் மிச்சம். ஆணி குத்தும்போது மண் எங்கும் போவதில்லை, பக்கவாட்டில் நெருக்கித் தள்ளப்படுகிறது. ஏற்கெனவே இறுகிய களிமண்ணில் ஓட்டையின் சுவர் இன்னும் கெட்டியாகிவிடும். உங்களுக்கு வேண்டியது உள்ளே குழாய் மாதிரி பொள்ளலாக இருக்கும் முனை, அது மண்ணைக் குச்சி குச்சியாக வெளியே எடுத்துப் போட்டுவிடும். சின்ன இடத்துக்குக் காலால் மிதித்து அழுத்துகிற கைக்கருவியே போதும். பெரிய இடம் என்றால் இதே வேலையை மோட்டாரில் செய்கிற ஏரேட்டர் என்ற இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள். ஓட்டுவதற்கு முன் ஸ்பிரிங்க்ளர் தலை, தண்ணீர்க் குழாய், ஒயர் போகிற இடங்களில் குச்சி நட்டு அடையாளம் வைத்துவிடுங்கள்.

மண் பதம்தான் இதில் பாதி வேலை. காய்ந்த மண்ணில் முனை இறங்காது, சொதசொத மண்ணில் குழாய் அடைத்துக்கொள்ளும், நீங்கள் நடக்கிற கனத்திலேயே மறுபடி இறுகவும் செய்யும். முதல் நாளே நன்றாகத் தண்ணீர் விட்டு வையுங்கள். மறுநாள் ஒரு பிடி மண்ணைக் கையில் அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில் ஆரம்பியுங்கள்.

காலம் என்று பார்த்தால், புல் வேகமாக வளர்கிற பருவம்தான் சரி, அப்போதுதான் காயம் சீக்கிரம் ஆறும். அருகு, கொரியன் புல் போல வெப்பத்தை விரும்புகிற வகைகளுக்குச் சூடான மாதங்கள், குளிர் வகைகளுக்கு இலையுதிர் காலத் தொடக்கம். புல் வறட்சியில் வாடிக் கிடக்கும்போது வேண்டாம். புதிதாகப் போட்ட புல்தரை என்றால் ஒரு வருடமாவது போகட்டும்.

முந்தின நாளே புல்லைக் கொஞ்சம் கட்டையாக வெட்டிவிடுங்கள். ஓட்டைகள் 5 முதல் 8 செ.மீ. ஆழம் இருக்கட்டும், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 8 செ.மீ. இடைவெளி போதும். ரொம்ப இறுகிய இடத்தில் ஒருமுறை நெடுக்காகப் போய்விட்டு அப்புறம் குறுக்காகவும் ஒருமுறை போங்கள். வெளியே வந்த மண்குச்சிகளில் ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள், விரல் தடிமன்தான் இருக்கும். உச்சியில் இரண்டு செ.மீ. வரை வேர் பஞ்சாகப் பின்னியிருக்கும், அதற்குக் கீழே ஒரு நூல் வேர்கூட இல்லாமல் வழவழவென்று வெட்டிய களிமண் தெரிந்தால், இத்தனை நாள் உரம் எங்கே நின்றுபோனது என்பது அப்போது புரியும்.

அந்தக் குச்சிகள் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் பெருக்கி அள்ளிவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் காய்ந்ததும் ரேக்கின் முதுகால் தட்டி இழுத்தால் பொடிந்து உள்ளே போய்விடும். அதன்மேல் சலித்த மட்கிய உரத்தை அரை செ.மீ. கனத்துக்குத் தூவி, ஓட்டைகளில் விழும்படி துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். புல் நுனி வெளியே தெரிய வேண்டும், மூடிவிடக் கூடாது. சொட்டை விழுந்த இடத்தில் விதை தூவ இதைவிட நல்ல நேரம் கிடையாது. களிமண் என்றதும் மணலைக் கொட்டச் சொல்வார்கள், கொஞ்சம் மணல் களிமண்ணோடு கலந்தால் இளகுவதற்குப் பதில் இன்னும் கெட்டிப்படவும் செய்யலாம், அதனால் நான் மட்கிய உரத்தோடு நிறுத்திக்கொள்வேன். ஜிப்சமும் சோடியம் மிகுந்த மண்ணுக்குத்தான் உதவும், வெறும் மிதிபட்டு இறுகியதை அது சரிசெய்யாது.

களிமண்ணுக்கு வருடம் ஒருமுறை இதைச் செய்யலாம், மணற்பாங்கான இடத்துக்கு ஸ்க்ரூ டிரைவர் முரண்டு பிடிக்கும்போது செய்தால் போதும். ஒரே தடத்தில் ஆட்கள் நடந்துகொண்டே இருந்தால் மட்டும் எத்தனை ஓட்டை போட்டாலும் நிற்காது. அங்கே புல்லோடு மல்லுக்கட்டாமல் நாலு பலகைக் கல்லைப் பதித்துவிடுங்கள்.