பழைய நர்சிங் பள்ளி பேட்ஜ்: யாருடையது, எந்தக் காலத்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் நர்சிங் படிப்பு கல்லூரிகளுக்குப் போவதற்கு முன்பு, அதைப் பெரும்பாலும் மருத்துவமனைகளே சொந்தப் பள்ளி வைத்து நடத்தின. வார்டில் வேலை பார்த்துக்கொண்டே படித்து முடிப்பவர்களுக்குப் பள்ளியின் பேட்ஜைக் குத்திவிடுவார்கள். அந்தப் பள்ளிகளில் பல மூடப்பட்டுவிட்டன. பேட்ஜ்கள் பழைய நகைக் கடைகளிலும் ஈபேயிலும் இன்றும் கிடைக்கின்றன.

ஒன்று கைக்கு வந்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பள்ளியைச் சொல்லும். போட்டிருந்தவரைப் பற்றித் தெரிய முதுகுப்பக்கம்தான் வழி. பெயரோ இனிஷியலோ வருடமோ அங்கே பொறித்திருக்கலாம். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து விழும்படி பிடித்தால், தேய்ந்த எழுத்தும் எடுபடும்.

அதே லென்ஸில் உலோக முத்திரையைத் தேடுங்கள். '10கே' என்றால் 24 பங்கில் 10 பங்கு தங்கம். 'ஸ்டெர்லிங்' என்றால் 92.5 சதவீத வெள்ளி. '1/10 10கே ஜி.எஃப்.' என்று இருந்தால்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஜி.எஃப். என்றால் 'கோல்ட் ஃபில்ட்': மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குதான் 10 காரட் தங்கத் தகடு, உள்ளே மலிவு உலோகம். கணக்குப் போட்டால் சுத்தத் தங்கம் 4 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். நம்மூர் கவரிங்கை விடத் தடிமன் அதிகம், அவ்வளவுதான்.

அப்புறம் முன்பக்கம். விளக்கு, எட்டு முனை கொண்ட மால்டா சிலுவை இரண்டும் எத்தனையோ பள்ளிகளின் பேட்ஜில் உண்டு. அவற்றை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மருத்துவமனைப் பெயரின் முதலெழுத்துகளைப் பிடியுங்கள். 'டிரெய்னிங் ஸ்கூல்' என்று இருந்தால் பொதுவாகப் பழையது, 'ஸ்கூல் ஆஃப் நர்சிங்' பிந்தையது. சில பேட்ஜ்கள் பார்த்ததும் தெரிந்துவிடும். நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனைப் பள்ளிக்கு டிஃபனி நகை நிறுவனம் 1880இல் வடிவமைத்தது அப்படி ஒன்று: நடுவில் விழிப்புக்கு அடையாளமாகக் கொக்கு, சுற்றி நீல வளையம், அதற்கு வெளியே வலி தணிக்கும் கசகசாச் செடியின் காய்கள். எனக்குத் தெரிந்து இவ்வளவு யோசித்துச் செய்த பேட்ஜ் வேறில்லை.

பின்னால் ஊசியை மாட்டும் கொக்கியையும் பாருங்கள். பூட்டே இல்லாத வெறும் வளைவு பழைய காலத்தது. சுழற்றிப் பூட்டுவது பிற்காலத்தது. ஆனால் ரிப்பேரில் கொக்கியை மாற்றியிருக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

சுத்தம் செய்கிறேன் என்று டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீர்கள், பேட்ஜின் வண்ண எனாமல் பூச்சு கீறிவிடும். ஒலி அதிர்வால் நகை சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் இயந்திரமும் கூடாது. லேசான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி போதும்.

பெயர், வருடம், மருத்துவமனை மூன்றும் கிடைத்துவிட்டால் அந்தப் பள்ளியின் பழைய மாணவியர் சங்கத்துக்கு எழுதுங்கள். பிலடெல்பியா பக்கத்துப் பள்ளி என்றால், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உள்ள பார்பரா பேட்ஸ் மையத்தைக் கேட்கலாம். பல நர்சிங் பள்ளிகளின் ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. இரண்டு பக்கப் படங்கள், மில்லிமீட்டரில் அளவு, முத்திரை எழுத்துகள் எல்லாவற்றையும் முதல் மடலிலேயே அனுப்பிவிடுங்கள்.