பூட்டிக் கிடக்கும் சில்வரை வெளியே எடுங்கள்: சமையலறையில் பிளாஸ்டிக் குறைக்கும் செய்முறை

போன தீபாவளிக்கு எங்கள் காரைக்குடி வீட்டில் சீப்புச் சீடை சுட்டோம். எண்ணெய் வடியுமுன்பே பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி மூடிவிட்டேன். மறுநாள் திறந்தால் சீடையில் டப்பா வாசம்!

வாசத்தைவிட வாசம் இல்லாததுதான் வில்லங்கம். கெட்டியான பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் பிபிஏ என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பிவிசி என்ற பிளாஸ்டிக்கை வளையவைக்கத் தாலேட்டுகள் என்ற வேதிப்பொருட்களைச் சேர்ப்பார்கள். பிபிஏ உடம்புக்குள் போய் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வேஷம் போடும். சில தாலேட்டுகள் ஆண் ஹார்மோனைக் குறைக்கும். விந்தணுத் தரம், கருத்தரிப்பு, தைராய்டு என்று பல கோளாறுகளோடு ஆய்வுகள் இவற்றைத் தொடர்புபடுத்துகின்றன. கருவிலிருக்கும் குழந்தைக்குத்தான் கவலை அதிகம். பிபிஏ தினமும் இவ்வளவுவரை உடம்புக்குள் போகலாம் என்று வைத்திருந்த அளவை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் 20,000 மடங்கு குறைத்தது. நல்ல சேதி: பிபிஏயின் பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும். தினமும் உள்ளே போவதை நிறுத்தினாலே பலன் உண்டு.

படி 1: எல்லா டப்பாவையும் தூக்கி எறியாதீர்கள். சூடு, எண்ணெய், புளிப்பு மூன்றில் ஏதாவது ஒன்று படுகிறவற்றை மட்டும் ஒதுக்குங்கள். பருப்பு, அரிசி டப்பா இருக்கட்டும்.

படி 2: சாமான் அறையைத் திறங்கள். சீராக வந்த சில்வர் தூக்கு, சம்புடம் எல்லாம் பேர் வெட்டியபடி அங்கேதான் தூங்கும். கீழே நாம் பிளாஸ்டிக்கில் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்போம்! பலகாரத்துக்குச் சம்புடம், ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி.

படி 3: இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பழசு என்றாலே நல்லது என்று நினைத்து நானும் எனாமல் பூசிய மங்குத் தட்டில் புளிச்சோறு போட்டவள்தான். பழைய மங்கின் வண்ணப் பூச்சில் காரீயம், காட்மியம் இருக்கலாம். புளிப்பு பட்டால் இறங்கும். அழகுக்கு வையுங்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பிலும் கவனம் வேண்டும். அது வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கலந்திருந்தால் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கலப்படம் இல்லை என்று உறுதியாகத் தெரியாவிட்டால் எடுத்து வையுங்கள்.

படி 4: தண்ணீர்க் கேனைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 7 என்றிருந்தால் பாலிகார்பனேட்டாக இருக்கலாம். வளவு முற்றத்தில் வெயில் படும்படி வைக்காமல், வந்தவுடன் சில்வர் குடத்துக்கு மாற்றுங்கள்.

படி 5: கீறல் விழுந்த நான்ஸ்டிக்கைக் கழியுங்கள். பணியாரத்துக்கு இரும்புக் கல் போதும்; முதல் இரண்டு ஈடு ஒட்டும், பிறகு பழகிவிடும்.

படி 6: தாலேட்டுகள் வீட்டுத் தூசியிலும் ஒட்டியிருக்கும். தவழும் பிள்ளை இருந்தால் ஆத்தங்குடிக் கல் தரையை ஈரத்துணியால் துடையுங்கள்.

கடைசியாகப் பார்சல். சூடான சாம்பாரைப் பையில் கட்டித் தரும்போது தூக்கை நீட்டுங்கள். முதல் நாள் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். இப்போது, "தூக்கு எங்க ஆச்சி?" என்று அவரே கேட்கிறார்.