பழைய பாக்கெட் கடிகாரம்: கூட்டைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்

டர்பனில் நம் வீடுகளில் ஒரு பெரியவர் காலமானபின் அலமாரியைக் காலி செய்தால், பழைய சாவிக்கொத்துகளுக்கு நடுவில் சில சமயம் ஒரு பாக்கெட் கடிகாரமும் கிடைக்கிறது. பேரப்பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். செய்தவர் பெயரையும் ஆண்டையும் தாங்களே முடிவுகட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த முடிவுகளில் பெரும்பாலானவை தவறு. ஆரம்பத்தில் நானும் இதே தவறுகளில் விழுந்து எழுந்தவன் என்பதால் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை குறைவு. ஆனாலும் ஒரு தவறை மட்டும் இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மூடியைக் கத்தியால் நெம்பாதீர்கள், தண்ணீர் படவிடாதீர்கள் என்பதெல்லாம் இங்கே இல்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

கூட்டின் எண்ணை வைத்து ஆண்டு தேடுவது

பாக்கெட் கடிகாரம் என்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு. உள்ளே ஓடும் மெஷின் ஒன்று, அதைச் சுமக்கும் கூடு இன்னொன்று. இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. அமெரிக்காவின் வால்தம், எல்ஜின் ஆலைகள் பெரும்பாலும் மெஷினை மட்டுமே விற்றன. வாங்குபவர் கடையில் நின்று, கையிலிருக்கும் பணத்துக்கேற்ற கூட்டைப் பொறுக்கிக்கொண்டார். கூடு செய்தவர் தம் கணக்குக்கு ஓர் எண்ணைப் பொறித்தார். மெஷின் செய்தவர் தம் கணக்குக்கு வேறோர் எண்ணைப் பொறித்தார். ஒன்றுக்கும் மற்றதற்கும் எந்த உறவும் கிடையாது.

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி வெள்ளிக் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தார். "மாமா, இது வால்தம். 1880களில் செய்தது" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கூட்டுக்குள் ‘ஏ.எல்.டி.’ என்று பொறித்திருந்ததாம். அது ஆரன் லஃப்கின் டென்னிசன் என்பவரின் குறி, அவர் வால்தம் ஆலையைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்று படித்திருக்கிறார். அதுவரை சரிதான். உடனே கூட்டிலிருந்த எண்ணை வால்தம் எண் பட்டியலில் தேடியிருக்கிறார். கிடைத்தும் விட்டது! கிடைக்காமல் என்ன செய்யும்? மூன்று கோடிக்கு மேல் மெஷின் செய்த ஆலை அது. உங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணைப் போட்டாலும் ஏதாவதொரு கடிகாரம் வந்து நிற்கும். பட்டியலில் ‘மாடல் 1883’ என்று வேறு இருந்ததால் நம்பிக்கை இரட்டிப்பாகிவிட்டது. அது அந்த வடிவம் அறிமுகமான ஆண்டு. அதே மாடல் பிறகு பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்தது.

டென்னிசன் அமெரிக்காவை விட்டு இங்கிலாந்துக்குப் போய், பர்மிங்காமில் கூடு செய்யும் தொழிலில் இறங்கியவர். 1895இல் அவர் இறந்தபிறகும் அந்தத் தொழில் நடந்தது, அந்தக் குறியும் தொடர்ந்தது. அந்தக் கூடுகளில் வால்தம் மெஷினும் உட்கார்ந்தது, சுவிஸ் மெஷினும் உட்கார்ந்தது. ஏ.எல்.டி. என்பது கூட்டுக்காரரின் கையெழுத்து மட்டுமே.

பக்கத்திலேயே ஹால்மார்க் தெளிவாக இருந்தது. நங்கூரம் என்றால் பர்மிங்காம், நடக்கும் சிங்கம் என்றால் ஸ்டெர்லிங் வெள்ளி, தனி எழுத்து என்றால் ஆண்டு. பர்மிங்காமின் எழுத்து வரிசை 1900இலும் 1925இலும் மீண்டும் ‘ஏ’யிலிருந்து தொடங்கியது, ஒவ்வொரு சுற்றுக்கும் எழுத்தின் வடிவம் வேறு. இவர் கூட்டில் இருந்தது 1925இன் ‘ஏ’. கூட்டைத் திறந்தால் 15 கல் (அச்சு முனைகள் தேயாமலிருக்க வைக்கும் சின்ன மாணிக்கக் கற்கள்) வைத்த சுவிஸ் மெஷின், மேல்தட்டில் பெயர் இல்லை. டயலைக் கழற்றிப் பார்த்தபோதுதான் கேடயத்துக்குள் ‘ஏ.எஸ்.’ என்ற குறி தெரிந்தது. கிரென்ஷன் ஊரின் ஏ. ஷில்ட் நிறுவனம் அது. பல கம்பெனிகளுக்கு அடிப்படை மெஷின் செய்து கொடுத்தவர்கள். ஓடுகிற நல்ல கடிகாரம்தான். ஆனால் தம்பி அதை அலமாரியில் கண்டெடுக்கவில்லை. ‘1880களின் வால்தம்’ என்று நம்பி இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கியிருந்தார். விற்றவரும் அதே பட்டியலைப் பார்த்தவராம்.

தங்கக் கூடு என்றால் இன்னும் மோசம். கூட்டின் முத்திரையை மட்டும் பார்த்து, ‘பெரிய கம்பெனி இல்லை’ என்று முடிவுகட்டி, நகைக்கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். கூடு உருகிப் போகும். மெஷின் காகிதத்தில் சுற்றித் திரும்பி வரும். அந்த மெஷின் யாருடையது என்று அதற்குப் பிறகுதான் என்னிடம் கேட்க வருவார்கள். எனக்கு அப்போது வரும் ஆத்திரம் கொஞ்சமல்ல.

கூட்டின் எண்ணுக்குப் பயனே இல்லை என்று சொல்லவில்லை. லாஞ்சின் போன்ற சில சுவிஸ் ஆலைகளின் பழைய கடிகாரங்களில் கூட்டிலும் மெஷினிலும் பொதுவாக ஒரே எண் இருக்கும். வேறுபட்டால் யாரோ நடுவில் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

‘எஸ்.ஏ.ஆர். கம்பெனி’

அப்படி ஒரு கடிகாரக் கம்பெனி கிடையாது. பின்மூடியில் ‘எஸ்.ஏ.ஆர். – எஸ்.ஏ.எஸ்.’ என்றிருந்தால் அது தென்னாப்பிரிக்க ரயில்வேயின் உடைமைக் குறி, ஆங்கிலத்தில் ஒருமுறை, ஆப்பிரிக்கான்ஸில் ஒருமுறை. 1910இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவாகும்வரை இங்கே ஓடியது நேட்டால் அரசு ரயில்வே. ஆப்பிரிக்கான்ஸ் அரசு மொழியானது 1925இல். அப்படியிருக்க, 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்த கொள்ளுப்பாட்டன் மடியில் கட்டிக்கொண்டு வந்த கடிகாரம் என்று இதைக் காட்டினால் நான் என்ன சொல்வது? இந்தக் கடிகாரங்கள் கார்டுக்கும் டிரைவருக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் ஆனவை. தண்டவாளத்தில் கட்டை சுமந்த நம் ஆட்களுக்கானவை அல்ல. குடும்பக் கதையைக் கேளுங்கள், எழுதியும் வையுங்கள். செய்தவரைக் கண்டுபிடிக்க மட்டும் அதை நம்பாதீர்கள்.

டயலில் உள்ள பெயர்

கடைக்காரர் பெயராக இருக்கலாம்.

உள்மூடியின் பிரெஞ்சு எழுத்துகள்

‘ரெமோன்த்வார்’ என்பது செய்தவர் பெயரல்ல. சாவியில்லாமல் திருகிச் சுற்றும் வகை. ‘ஸ்பிரால் பிரெகே’ என்பது ஹேர்ஸ்பிரிங்கின், அதாவது நேரத்தைச் சீராக்கும் மெல்லிய சுருள்கம்பியின், வடிவம். இதைக் கண்டு பிரெகே என்ற புகழ்பெற்ற கடிகாரக்காரர் செய்ததே கிடைத்துவிட்டதாகத் துள்ளியவர்கள் பலர். ‘சிஸ்டம் ரோஸ்கோஃப்’ என்றால் ரோஸ்கோஃப் 1867இல் கொண்டுவந்த மலிவுவகை அமைப்பு. அதைப் பின்பற்றியவர்கள் ஏராளம்.

பதக்கங்கள்

மூடியில் பொறித்த பதக்கப் படங்களிலுள்ள ஆண்டு, பதக்கம் கொடுத்த கண்காட்சி நடந்த ஆண்டு. கடிகாரம் செய்த ஆண்டல்ல.

கரடி, காட்டுக்கோழி, ‘ஜி.எஸ்.’

நிற்கும் கரடியும் காட்டுக்கோழியும் சுவிட்சர்லாந்தின் வெள்ளித் தர முத்திரைகள். கரடி 0.875, கோழி 0.800. 1907 ஜூன் முதல் பிரிட்டனுக்குள் வந்த வெளிநாட்டுக் கூடுகளுக்கும் அங்கே ஹால்மார்க் கட்டாயமானது. கடிகாரம் செய்தவர்கள் தாமே போய் முத்திரை வாங்கவில்லை; இறக்குமதி முகவர்கள் தங்கள் எழுத்துகளைப் பதித்து அனுப்பினார்கள். ‘ஜி.எஸ்.’ என்பது ஜார்ஜ் ஸ்டாக்வெல் என்ற முகவரின் குறி. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கம்பெனிகளின் கடிகாரங்களிலெல்லாம் அதைக் காணலாம்.

மெஷினில் பெயர் இருந்தாலும்

‘டோபியாஸ், லிவர்பூல்’ என்று எழுதியிருக்கும். மெஷினின் தட்டை உற்றுப் பார்த்தால் சுவிஸ் வேலை. 19ஆம் நூற்றாண்டில் பெயருள்ள ஆங்கிலேயர்களின் கையெழுத்தைப் போட்டுச் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த போலிகள் கொஞ்சமல்ல. பெயரும் வேலைப்பாடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

துலக்குவது

குத்துவிளக்குக்குப் போடும் புளியும் விபூதியும் இதற்கு வேண்டாம். முத்திரை தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

டயலுக்கு அடியில் பார்க்காமல் விடுவது

மேல்தட்டில் பெயர் இல்லையென்றால் பெரும்பாலும் அடியில் ஏதாவது இருக்கும். முத்திரை இல்லாவிட்டாலும், நேரம் திருத்தும் உறுப்புகளின் வடிவமே பட்டறையைக் காட்டிக்கொடுக்கும். கழற்றும் வேலையைக் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள். முட்களை எடுத்து, டயலின் கால்களைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகளைத் தளர்த்தாமல் இழுத்தால் பீங்கான் டயலில் முடியிழைபோல் விரிசல் விழும். படம் எடுக்கும்போது பேலன்ஸ் சக்கரத்துக்கு (முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்) கீழேயுள்ள தட்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். கேடயமோ இரண்டெழுத்தோ பல மெஷின்களில் அங்கேதான் ஒளிந்திருக்கும்.