விசேஷ நாள் சாப்பாட்டை நிம்மதியா ரசிச்சு சாப்பிடுறது எப்படி?

பண்டிகை முடிஞ்ச மறுநாள் காலைல வெயிட் மெஷின் மேல ஏறி நின்னு நொந்துக்கிற கூட்டத்துல நானும் பல வருஷம் இருந்தவன்தான். என்னென்ன சாப்பிட்டேன்னு கேட்டா கடகடன்னு சொல்லுவேன், ருசி எப்படி இருந்துச்சுன்னு கேட்டா முழிப்பேன். கை பாட்டுக்கு சாப்பிட்டுட்டு இருக்கும், மனசு அந்தப் பக்கம் இது எத்தனை கலோரி, நாளைக்கு எவ்ளோ நடக்கணும்னு கணக்கு போட்டுட்டு இருக்கும். வயிறும் முட்டும், சாப்பிட்ட திருப்தியும் இருக்காது.

இதுக்கான வேலை அன்னைக்கு காலைலயே ஆரம்பிக்குது. மதியம் வெளுத்துக் கட்டப் போறோமே, காலைல பட்டினி கிடப்போம்னு நினைக்கிறோம்ல, அங்கதான் கோட்டை விடுறோம். வயிறு ரொம்ப நேரம் காலியா இருந்தா பசியத் தூண்டுற கிரெலின்ங்கிற ஹார்மோன் ஏறிடும், அப்புறம் தட்டு முன்னாடி உக்காரும்போது எதையும் தேர்ந்தெடுக்க மாட்டோம், அள்ளிப் போட்டுக்குவோம். காலைல லேசா, வழக்கம்போல சாப்பிட்டுடுங்க. நல்லா பசிச்சு வரணும், ஆனா பறக்காவெட்டியா வரக்கூடாது.

அடுத்தது, உக்காந்ததும் கை வைக்காம என்னென்ன இருக்குன்னு ஒரு ரவுண்டு பாருங்க. விருந்துல நாம அதிகமா சாப்பிடுறதுக்கு பெரிய காரணமே வெரைட்டிதான். ஒரே ருசி நாக்குக்கு சீக்கிரம் சலிச்சிடும், புது ருசி வந்தா ஆசை மறுபடி முளைக்கும், இதை பார்பரா ரோல்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் தன்னோட டீமோட 1981-லயே எழுதியிருக்காங்க. வயிறு ஃபுல்லுன்னு எந்திரிக்கப் போன ஆளு ஸ்வீட்ட பாத்ததும் திரும்ப உக்கார்றது இதனாலதான், அவருக்கு மனக்கட்டுப்பாடு இல்லைன்னு அர்த்தமில்ல, எல்லார் உடம்பும் அப்படித்தான். அதனால நான் ஒண்ணே ஒண்ணு பாப்பேன்: வருஷம் பூரா கிடைக்கிறத ஒதுக்கிட்டு, அன்னைக்கு மட்டுமே கிடைக்கிறதுக்கு இடம் விடுவேன். அது எண்ணெய்ல மிதந்தாலும் சரி.

இப்ப முக்கியமான விஷயம், முதல் மூணு வாய். ஜான் கபாட்-ஜின் 1979-ல அமெரிக்காவுல மசாசூசெட்ஸ் யுனிவர்சிட்டி மெடிக்கல் காலேஜ்ல ஆரம்பிச்ச மன அழுத்தக் குறைப்பு வகுப்புல ஒரே ஒரு உலர் திராட்சைய கையில கொடுத்து பாரு, மோந்து பாரு, நாக்குல வை, மெதுவா கடின்னு நிமிஷக்கணக்கா ஓட்டுவாங்க. விருந்துல அப்படி உக்காந்தா பக்கத்துல இருக்கிறவங்க உங்களுக்கு என்னமோ ஆச்சுன்னு நினைப்பாங்க, அதனால மூணே மூணு வாய்க்கு மட்டும் பண்ணுங்க, யாருக்கும் தெரியாது. நாம ருசின்னு சொல்றதுல பெரும்பகுதி வாசனைதான், மெல்லும்போது தொண்டைக்குப் பின்பக்கமா அது மூக்குக்கு ஏறுது, சளி பிடிச்சா எல்லாமே சப்புன்னு இருக்கிறது அதனாலதான். மெல்லாம முழுங்கினா அந்த வாசனை எங்க இருந்து வரும்? நொறுங்கத் தின்னா நூறு வயசுங்கிறது இருக்கட்டும், நொறுங்கத் தின்னாத்தான் ருசியே தெரியுது.

வயிறு ரொம்பிடுச்சுன்ற சேதி குடல்ல இருந்து மூளைக்குப் போய் சேர கிட்டத்தட்ட 20 நிமிஷம் ஆகும்னு சொல்லுவாங்க. கூட்டமா உக்காந்து சாப்பிட்டா தனியா சாப்பிடுறத விட அதிகமாதான் உள்ள போகும், அதுக்காக மூலைல போய் தனியா உக்காரணுமா என்ன, பேசுங்க, சிரிங்க, யாராவது நல்ல கதை சொன்னா கைய நிறுத்திட்டு கேளுங்க. ரெண்டாவது தடவை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் விடுங்க, அப்பவும் வேணும்னு தோணினா தாராளமா வாங்கிக்கோங்க. போன்ல ஒரு போட்டோ ஓகே, அதோட அத உள்ள வச்சிடுங்க.

சாப்பாட்டுக்கு நன்றி சொல்றதும் ரசிக்கிறதுல ஒரு பங்குதான், ஆனா நன்றின்னா கண்ண மூடி ஏதாவது சொல்றது மட்டும்தான்னு நான் நினைக்கல. எல்லாரும் "சூப்பர்"னு சொல்லிட்டு கை கழுவப் போயிடுவோம், சமைச்சவங்க கடைசில ஆறிப்போனத தனியா உக்காந்து சாப்பிடுவாங்க. அவங்கள நம்ம கூடவே உக்கார வைங்க, எது நல்லா இருந்துச்சுன்னு பேர் சொல்லி சொல்லுங்க, எப்படி செஞ்சீங்கன்னு கேளுங்க, அப்புறம் பாத்திரம் கழுவப் போங்க. இன்னொரு லாபமும் இருக்கு. "இன்னும் கொஞ்சம்"னு வற்புறுத்துற அத்தைகிட்ட வெறுமனே போதும்னா மனசு வருத்தப்படும், "அந்த வறுவல் அப்படியே நாக்குல நிக்குது அத்தை, அது மேல வேற எதையும் போட மனசில்ல"ன்னா விட்டுடுவாங்க. பெரும்பாலும்.

சரி, அதையும் மீறி அதிகமா சாப்பிட்டாச்சு. 1975-ல ஹெர்மன், மேக்னு ரெண்டு பேர் செஞ்ச சோதனையில, டயட்டுல கட்டுப்பாடா இருக்கிறவங்களுக்கு முதல்ல மில்க்ஷேக் கொடுத்துட்டு அப்புறம் ஐஸ்கிரீம் வச்சா, மில்க்ஷேக் குடிக்காதவங்கள விட குடிச்சவங்கதான் அதிகமா சாப்பிட்டாங்க. முழுக்க நனைஞ்சாச்சு, முக்காடு எதுக்குங்கிற அதே மனசுதான். நியூசிலாந்து கேன்டர்பரி யுனிவர்சிட்டி ஆய்வு ஒண்ணு 2014-ல வந்துச்சு, அதுல சாக்லேட் கேக்னா குத்த உணர்ச்சின்னு சொன்னவங்க, கொண்டாட்டம்னு சொன்னவங்கள விட ஆரோக்கியமா சாப்பிடல, எடைய காப்பாத்திக்கிறதுலயும் பின்னாடிதான் இருந்தாங்க. குத்த உணர்ச்சி நம்மள காவல் காக்கும்னு நம்பிட்டு இருக்கோம், அது அந்த வேலைய செய்யறதே இல்ல.

மறுநாள் மெஷின்ல ஒரு கிலோ கூட காட்டினா பயப்படாதீங்க. உப்பு தண்ணிய பிடிச்சு வைக்கும், உடம்பு சேமிச்சு வைக்கிற சர்க்கரைக்கு கிளைகோஜன்னு பேரு, அது ஒவ்வொரு கிராமோடவும் சுமார் 3 கிராம் தண்ணி ஒட்டிக்கும், ரெண்டு மூணு நாள்ல தானா இறங்கிடும். ஒரு கிலோ கொழுப்பு ஏறணும்னா தேவைக்கு மேல 7,000 கலோரிக்கு மேல உள்ள போகணும், ஒரு வேளைல அது நடக்கிற காரியமில்ல. பட்டினி கிடந்து பரிகாரம் பண்ண வேணாம், எப்பவும்போல சாப்பிடுங்க. சாப்பிட்டதும் 10, 15 நிமிஷம் நடந்தா ரத்தச் சர்க்கரை ஏறுறது குறையும், நடங்க, ஆனா தண்டனையா நடக்காதீங்க. சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க அளவ டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிக்கணும், சாப்பாட்டோட மனசளவுல போராடிட்டு இருக்கிறவங்களும் தனியா சமாளிக்காம உதவி கேக்கணும்.

அப்புறம், சாப்பிடும்போதே "என்னப்பா வெயிட் போட்டுட்ட"ன்னு ஆரம்பிக்கிற ஒருத்தர் எல்லா வீட்லயும் இருப்பாரு. நான் பதில் சொல்றதில்ல. "அந்த பாத்திரத்த கொஞ்சம் இப்படி தள்ளுங்க"ம்பேன்.