ஐடிலில் குலுங்கிய லைகமிங்: இன்டேக் ஹோஸ் மாற்றிய அனுபவம்

சொந்தமாகக் கட்டிய விமானம், கார்புரேட்டர் வைத்த லைகமிங் ஓ-320, நான்கு சிலிண்டர் எஞ்சின். ஐடிலில் (த்ராட்டில் மூடி மெதுவாக ஓடும்போது) குலுங்கும்; மூன்றாம் சிலிண்டரின் இ.ஜி.டி (வெளியேறும் புகையின் வெப்பநிலை) மட்டும் ஏறி நிற்கும். த்ராட்டிலை முழுசாகத் திறந்தால் எல்லாம் சரி.

பிளக் மாற்றியும், பிளக்குக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவின் டைமிங் பார்த்தும் பலனில்லை. ஐடில் மிக்சரில் (பெட்ரோல்-காற்றுக் கலவையில்) பெட்ரோலைக் கூட்டினால் குலுக்கம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் மற்ற மூன்றிலும் பிளக் கரி பிடித்தது. இன்டேக்கில் கசிவோ என்று சந்தேகம் வந்தது. ஐடிலில் மேனிஃபோல்டு (சிலிண்டருக்குக் கலவை போகும் குழாய்) அழுத்தம் வெளிக்காற்றைவிட மிகக் குறைவு, சின்னக் கசிவும் காற்றை இழுத்து அந்த சிலிண்டரில் பெட்ரோல் விகிதத்தைக் குறைக்கும். முழு த்ராட்டிலில் இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்பதால் கோளாறு மறைந்துவிடுகிறது.

கசிவைத் தேடும் முன் மேக்னெட்டோ ஆஃப், மிக்சர் கட் (பெட்ரோல் நிறுத்தம்), எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வேக்குவம் கிளீனரின் காற்று வெளிவரும் பக்கத்தைக் கார்புரேட்டர் வாயில் தளர்வாகப் பிடித்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் அடித்தேன். சம்ப்பிலிருந்து (எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) வரும் குழாயை இன்டேக் பைப்போடு இணைக்கும் குட்டி ஹோஸின் அடிப்பக்கத்தில் நுரை. அங்கே லேசான நீலக் கறையும் இருந்தது. 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலின் சாயம். கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஹோஸ் வெளியே பளபளவென்றுதான் இருந்தது. விரலால் அமுக்கினால் அப்பளம் மாதிரி விறைப்பு. அப்படி இறுகிப்போன ரப்பரில் கிளாம்ப்பை எவ்வளவு முறுக்கினாலும் அது குழாயோடு ஒட்டாது.

நான்கையும் மாற்றினேன். சிலிண்டர் பக்க ஃபிளேஞ்சின் (பைப் முனையின் தட்டை விளிம்பு) இரண்டு போல்ட்டைக் கழற்றினால் பைப் வந்துவிடும். அங்கே கேஸ்கெட்டும் புதுசுதான் போட வேண்டும். குழாயில் ஒட்டிய பழைய ரப்பரைக் கீறல் விழாமல் சுரண்டுங்கள். கிளாம்ப் குழாயின் விளிம்பு மேட்டுக்கு உள்பக்கம் உட்கார வேண்டும், மேட்டின் மேலேயே அல்ல. முதல் ஓட்டத்தில் ரப்பர் சூடாகி அமுங்கும், ஆறியபின் இன்னொரு தடவை இறுக்குங்கள். ஐடில் மிக்சரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.